அந்தச் சட்டத்தில் துப்பாக்கி என்ற சொல்லே இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ‘துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அரசியல் சாசனத்திலேயே தெளிவாக எழுதியிருப்பதால் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை’ என்று ஒரு வரி. அந்தத் ‘தெளிவாக’ எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. 16 வருடமாகப் பென்சில்வேனியாவில் இருக்கிறேன், பிள்ளைகளை இங்கேதான் வளர்க்கிறேன். அந்த வாசகத்தில் துப்பாக்கி என்ற சொல்லே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

1791-ல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் வந்த இரண்டாவது திருத்தம் ஆங்கிலத்தில் மொத்தமே 27 சொற்கள். சுதந்திரமான ஓர் அரசின் பாதுகாப்புக்கு நன்கு ஒழுங்குபட்ட நாட்டுப்படை அவசியம் என்பதால், ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது. அவ்வளவுதான். இதில் முதல் பாதியை உங்கள் கட்டுரையாளர் அப்படியே விட்டுவிட்டார். உரிமை படைக்கா, தனி மனிதருக்கா என்ற இத்தனை வருடச் சண்டையும் அந்தப் பாதியை வைத்துத்தானே?

‘ஏந்தவும்’ என்பதையும் பாருங்கள். எங்கள் ஊர்ப் பனையேறி விடிந்தது முதல் இடுப்பில் பாளை அரிவாளோடுதான் இருப்பார். அவர் வாழ்நாள் முழுக்க ஆயுதம் ஏந்தினார் என்று நாம் சொல்வோமா? அதே சமயம், ‘அந்த ஊர் இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள்’ என்றால் சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று குழந்தைக்கும் புரியும். ஆங்கிலத்தில் கேட்கப்படுவதும் இதே கேள்விதான். 1840-ல் டென்னஸி மாநில நீதிமன்றம் சொன்னது கிட்டத்தட்ட நம் பனையேறி கதை: மான், எருமை வேட்டைக்காக ஒருவன் 40 வருடம் தினமும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு போனாலும் அவன் ஆயுதம் ஏந்தினான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்காரர்தான், நல்ல மனிதர், நவம்பர் கடைசியில் மான் கிடைத்தால் எங்களுக்கும் ஒரு பொட்டலம் இறைச்சி கொண்டுவந்து தருவார். வேட்டைக்குப் போகிறேன் என்றுதான் அவரும் சொல்வார். ஆயுதம் ஏந்துகிறேன் என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

2008-ல் ஹெல்லர் வழக்கில், படையில் இல்லாத தனி மனிதருக்கும் அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தபோது, உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று பிரிந்தது. நான்கு நீதிபதிகள் ஒத்துக்கொள்ளாத ஒன்றைத் தெளிவு என்று எப்படி எழுத மனசு வந்தது? தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, சாமுவேல் ஜான்சனின் அகராதியை, அதுவும் 1773-ம் வருடப் பதிப்பைப் பிரித்துவைத்துப் பொருள் சொன்னார். இன்னாருக்கு ‘எதிராக’ என்று சேர்ந்து வந்தால்தான் ‘ஆயுதம் ஏந்துவது’ என்ற தொடருக்குப் போர் என்று பொருள், தனியாக வந்தால் கையில் கொண்டுபோவதுதான் என்பது அவர் வாதம். எதிர்த்த நால்வரில் ஒருவரான நீதிபதி ஸ்டீவன்ஸ் அதை ஏற்கவில்லை, அது படைச்சேவையைக் குறிக்கும் மரபுத்தொடர் என்றார். அப்புறம் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் அந்தக் காலத்து எழுத்துகளைக் கணினியில் ஏற்றியது. மொழியியலாளர் டென்னிஸ் பேரன் தேடிப் பார்த்ததில் சுமார் 1,500 இடங்களில் அந்தத் தொடர் வந்திருந்தது. போருக்கோ படைக்கோ சம்பந்தமில்லாமல் வந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். எதிர்ப்பக்கத்துக்கும் சான்று இல்லாமல் இல்லை, நான் மறைக்கவில்லை: 1787-ல் இதே பென்சில்வேனியாவில் சாசனத்தை ஏற்கக் கூடிய மாநாட்டில் அதை எதிர்த்த சிறுபான்மை உறுப்பினர்கள் வேட்டைக்கும் சேர்த்து அந்தத் தொடரை எழுதியிருக்கிறார்கள்.

இப்படி இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது என்று எழுத உங்களுக்கு இரண்டு வரி போதாதா?

இது முதல் தடவை என்றால் பொறுத்திருப்பேன். இரண்டு வருடம் முன்பு அந்த நாட்டுப்படைக்கான ஆங்கிலச் சொல்லான ‘மிலீஷியா’ என்பதை நீங்கள் ‘தீவிரவாதக் குழு’ என்று போட்டீர்கள். 1792-ல் வந்த சட்டப்படி 18 முதல் 45 வயது வரையுள்ள, உடல் வலுவுள்ள வெள்ளை ஆண்கள் எல்லாரும் அந்தப் படையில் சேர வேண்டும், துப்பாக்கியும் அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு விவசாயியும் கொல்லனும் தீவிரவாதிகளா? நம் பழைய உரைகளில் அறுவகைப் படையில் ஒன்றாக நாட்டுப்படை என்றே வருகிறது, அதை எடுத்துப் போட்டிருக்கலாம். அப்போது ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். பாராட்டிய முதல் பத்தியை மட்டும் அச்சிட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். ஊரிலிருந்து என் அக்கா போன் செய்து, ‘பத்திரிகையில உன் பேர் வந்திருக்கு’ என்று சந்தோஷப்பட்டாள். அவளிடம் என்ன சொல்வது?

இன்னொரு தடவை ‘ஒழுங்குபட்ட’ என்ற இடத்தில் ‘கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்ட’ என்று போட்டிருந்தீர்கள். இன்றைக்கு அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அதுதான் பொருள், சரி. அன்றைக்குப் பயிற்சியும் கட்டொழுங்கும் உள்ள படை என்று பொருள், இதை ஸ்காலியாவே ஒத்துக்கொண்டிருக்கிறார். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று நினைக்கிறவள்தான் நான். அதற்காக ஒரு சொல்லை எனக்கு வசதியாக வளைத்துத் தர வேண்டாம்.

என் சின்ன மகள் இரண்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளியில் துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சி நடந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கதவை விட்டுத் தள்ளி, சுவர் ஓரமாக மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும். நடந்தால் விளக்கு மின்னும் செருப்பு அவளுக்கு அப்போது உயிர். அன்று சாயங்காலம் வந்து, ‘அம்மா, இது வேணாம், வெளிச்சம் வருது’ என்று கழற்றி வைத்தாள். அப்புறம் போடவே இல்லை. ஜன்னல் ஓரம் அந்தச் செருப்பு ரொம்ப நாள் கிடந்தது. 27 சொற்களுக்கு என்ன பொருள் என்பது எங்கள் வீட்டில் வெறும் இலக்கண விவகாரம் இல்லை, ஐயா.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பக்கத்தில் சின்னதாகக் கட்டம் கட்டி அந்த 27 சொற்களின் தமிழையும் முழுதாகப் போடுங்கள், இரண்டு பாதியையும். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால் இதை வெட்டிவிட்டு அதைப் போட்டாலும் சரிதான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
பென்சில்வேனியா