பெல்லி டான்ஸ் என்றால் ஹாலைப் பூட்டுவதா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில் காலையில் யோகா, மாலையில் குழந்தைகளுக்குப் பரதநாட்டியம், சனிக்கிழமை ஜும்பா நடக்கிறது. பெண்கள் சிலர் சேர்ந்து பெல்லி டான்ஸ் வகுப்புக்கு அதே ஹாலை அதே வாடகைக்குக் கேட்டோம். "ஃபேமிலி இருக்கிற இடம், இதெல்லாம் வேண்டாமே" என்று சொல்லிவிட்டது சங்கம். கேட்டவர்களும் அந்த ஃபேமிலிகளில் இருப்பவர்கள்தானே, எங்களில் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. வேளச்சேரி, அண்ணா நகர்ப் பக்கம் இருக்கும் தோழிகளும் இதே பதிலைக் கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் பத்திரிகைக்கே எழுதுகிறேன்.

மறுப்பவர்கள் மனதில் இருப்பது சினிமாவில் வரும் வில்லன் கூடாரமும் அங்கே ஆடும் பெண்ணும்தான் என்று நினைக்கிறேன். எகிப்தில் பெண்கள் தங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முழு உடையில், இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் இது. 1926-ல் கெய்ரோவில் பதியா மசாப்னி என்ற பெண்மணி தன் அரங்கைத் தொடங்கினார், அங்கே ஆடி வளர்ந்த தஹியா கரியோகா, சாமியா கமால் போன்றவர்கள் இதைப் பெரிய மேடைக் கலையாக்கினார்கள். பளபளக்கும் உடையெல்லாம் அந்த மேடையோடு வந்தது. நாங்கள் சுடிதாரிலும் டி-ஷர்ட்டிலும், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்காலில் ஆடுகிறோம்.

ஆடுவது என்றால் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தை முழுசாகத் தரையில் ஊன்றி, தோள் அசையாமல் இடுப்பை மட்டும் எட்டு போடுகிற மாதிரி சுற்ற வேண்டும். பார்க்கச் சுலபம், செய்யும்போது தோளும் கூடவே கிளம்பிவிடும், மூச்சை வேறு பிடித்துக்கொண்டு நிற்போம். ஷிம்மி என்று ஒன்று இருக்கிறது, வெளியே தெரிவது இடுப்பு அதிர்வதுதான், ஆனால் உழைப்பது முழங்கால்: ஒன்று மடங்க மற்றது நீள, மாறி மாறி வேகமாக. ஒரு பாட்டு முழுக்கச் செய்தால் தொடை எரியும், வியர்வை ஊற்றும். வயிறு, விலா, முதுகுத் தசைகள் எதுவும் சும்மா இருக்க முடியாது, ஆனால் ஓட்டம், குதி எதுவும் இல்லாததால் முழங்காலில் அதிர்வு குறைவு.

பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோகும் இடுப்புத் தளத் தசைகளைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை, இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதை அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டோம். இந்த வகுப்பில்தான் அதை முதல்முறையாக வெளிப்படையாகப் பேசினோம். (இது வைத்தியம் என்று சொல்ல வரவில்லை, தொந்தரவு இருந்தால் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோதான் பார்க்க வேண்டும்.) வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையல், ஆபீஸ், மே மாத வெயில் எல்லாவற்றுக்கும் நடுவில் ஆசைப்பட்டுச் செய்கிற ஒரு பயிற்சி கிடைத்தால் அதை ஏன் தடுக்க வேண்டும்?

உடற்பயிற்சி மட்டும் என்றால்கூட ஜும்பா போதுமே என்பார்கள். போதாது. இதில் பாதிக்கு மேல் யாரும் அமைத்துக் கொடுக்காத ஆட்டம், தர்புகா என்ற அரபு மேளம் "தும் தக், தக் தும் தக்" என்று விழும்போது இடுப்பு பதில் சொல்லும், வயலின் இழுக்கும்போது கையும் உடம்பும் போகும், எதை எடுப்பது எதை விடுவது என்பது ஆடுகிறவள் முடிவு. எங்களில் ஒருவர் வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர், விசேஷங்களில் கடைசி வரிசையில் இருப்பவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவான பாட்டுக்கு ஆட ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் நின்று பார்ப்போம்.

இன்னொன்று. இந்த ஊருக்கு இது புது விவாதமே இல்லை. பரதநாட்டியத்துக்கு முன்னோடியான, தேவதாசிப் பெண்கள் ஆடிவந்த சதிர் வேண்டுமா வேண்டாமா என்று 1932-ல், வேண்டாம் என்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் வேண்டும் என்ற வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயரும் சென்னைப் பத்திரிகைகளில்தான் எழுதிச் சண்டை போட்டார்கள். 1935-ல் ருக்மிணி தேவி அடையாறில் அந்த ஆட்டத்தை ஆட மேடையேறியபோதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தச் சதிரை வழிவழியாகக் காப்பாற்றி வந்த பெண்கள் பட்ட அவமானத்துக்கு இன்றுவரை சரியான ஈடு செய்யவில்லை நாம். இன்று அதே ஆட்டத்துக்குக் குழந்தையைச் சேர்க்க ஹால் வாசலில் வரிசை. பெல்லி டான்ஸும் பரதமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, ஆடுகிற பெண்ணை முதலில் சந்தேகிக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது ஒரு தோழி வீட்டில் சோபாவை நகர்த்திவிட்டு ஆடுகிறோம். அடுத்த பொதுக்குழுவில் மறுபடியும் ஹால் கேட்போம். சங்க நிர்வாகிகள் வீட்டுப் பெண்கள் ஒரு வகுப்புக்கு வந்து பார்க்கட்டும், கதவு திறந்தே இருக்கும். அதற்குப் பிறகும் மறுப்பதென்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை