கத்திரி வெயிலிலும் கைவிடாத மதுரைக்காரர்களுக்கு

எங்கள் தெப்பக்குளத்துத் தெருவாசிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை மலைக்குழுவுக்கும், மேலூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்கும், பெயர்கூடத் தெரியாத இன்னும் பலருக்கும் வணக்கம்.

போன வாரம் வாடகை ஒப்பந்தத்தில் மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். வழக்கமான பதினொரு மாதம்தான். "இன்னமும் இங்கிட்டேதான் இருக்கப்போறியாத்தா?" என்று வீட்டுக்கார அப்பத்தா கேட்டார். ஆமாம், இருக்கப்போகிறேன். அதற்குக் காரணம் நீங்கள் எல்லாரும்தான். அதை வாயால் சொன்னால் "அட, இதுக்குப் போயி" என்று கையை ஆட்டிவிடுவீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மலேசியாக்காரி. பேராக் மாநிலத்துத் தைப்பிங் என் ஊர். தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் என்று அதற்குப் பெயர். வருஷத்துக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். மதுரைக்கு 850 பக்கம். இன்று மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பந்தயமே கட்டுவார்களாம். மற்றபடி சித்திரை, ஆடி, மார்கழி எல்லாம் அங்கே காலண்டரில் மட்டும்தான். வருஷம் முழுக்கப் பகலில் 32 டிகிரி, சாயங்காலம் இடி மழை, ஏழு மணிவாக்கில் விடியல், மறுபடி ஏழு மணிவாக்கில் இருட்டு. மாதம் என்று ஒன்று இருப்பது இங்கே வந்த பிறகுதான் உடம்பில் உறைத்தது. எந்த மாதம் எதைத் தின்பது, எந்த மாதம் எந்த மலைக்குப் போவது, எந்த மாதம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பது என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

முதலில் அப்பத்தா. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மே மாத முதல் வாரத்தில் நான் குடையும் கையுமாகப் படி இறங்கியபோது, "உச்சி வெயில்ல எங்கிட்டுத்தா கெளம்பிட்ட?" என்று வாசலிலேயே மறித்தவர் அவர். நான் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே காலை ஆறரை. அதனால் மூன்றரைக்கே வேலை முடிந்துவிடும். முடிந்த கையோடு வெளியே ஓடுவது என் பழக்கம். ஐந்தரைக்கு முன்னால் கதவைத் திறக்கக் கூடாது என்று அப்பத்தா சட்டம் போட்டார். கழுத்தெல்லாம் வேர்க்குரு வெடித்தபோது நுங்கின் தண்ணீரைத் தன் கையாலேயே தடவிவிட்டார். நுங்கின் மேல்தோலை நான் உரிக்கப் போனால் கையில் ஒரு தட்டு: "தோலோட தின்னு, அதுதான் வயித்துக்கு நல்லது." துவர்க்கத்தான் செய்கிறது. இப்போது பழகிவிட்டது.

வத்தல் போட்டதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் துவைத்த துணி காய்ந்தாலே பெரிய விஷயம் என்ற ஊரிலிருந்து வந்தவள் நான். விடியற்காலையில் பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்துப் போட்டுக் கிண்டிய அரிசிக் கூழை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், பழைய வேட்டியை விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்து, கரண்டி கரண்டியாக வட்டம் வட்டமாக ஊற்றினோம். நன்றாகக் காய்ந்த பிறகு வேட்டியைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்தார் அப்பத்தா. சற்று நேரம் கழித்து ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு வட்டமும் துணியை விட்டு அலுங்காமல் வந்தது. மறுபடி ஒரு காய்ச்சல் போட்டு டின்னில் அடைத்தோம். அந்த டின் இப்போது தைப்பிங்கில் அம்மாவின் சமையலறையில் இருக்கிறது. திறந்து வைத்தால் நமுத்துப் போகும் என்று அம்மா அதைப் பூட்டாத குறைதான்.

பதிலுக்கு நான் ஒருநாள் நாசி லெமாக் செய்து கொண்டு போனேன். "தேங்காப்பால் சோறு நல்லாத்தான் இருக்கு, நெத்திலியை இன்னும் மொறுமொறுன்னு வறுக்கணும்" என்று தீர்ப்பு வந்தது. ஏற்றுக்கொண்டேன்.

அதே வெயில் காலத்தில்தான் மேலூர்ப் பக்கத்திலிருந்து நம் பால்கார அண்ணன் வீட்டார் மீன்பிடித் திருவிழாவுக்கு அழைத்தார்கள். கண்மாய் வற்றி முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். கரையில் அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டு நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதுதான் தாமதம், அத்தனை பேரும் ஒரே பாய்ச்சல். வலை, கச்சா, ஊத்தா, ஒன்றும் கிடைக்காதவர்கள் கையில் பழைய கொசுவலை. அண்ணனின் மகள் என் கையில் ஒரு ஊத்தாவைக் கொடுத்தாள். அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் ஓங்கிக் குத்த வேண்டும். உள்ளே மீன் மாட்டியிருந்தால் மூங்கில் சிம்பில் டொக்கு டொக்கென்று இடிக்கும், அந்த அதிர்ச்சி கைக்குத் தெரியும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் தடவ வேண்டும். எனக்கு மாட்டியது உள்ளங்கை அளவு ஜிலேபி கெண்டை. அண்ணனுக்கு விரால். பிடித்ததை விற்கக் கூடாது, குழம்பு வைத்துத் தின்ன வேண்டும் என்பது வழக்கமாம். அப்படித் தின்றால் வருகிற மழை தப்பாது என்ற நம்பிக்கையும் உண்டு. அண்ணி மண்சட்டியில் வைத்த அந்தக் குழம்பைப் பற்றி எழுதினால் மடல் இன்றைக்கு முடியாது.

அப்புறம் ஐப்பசி. இரண்டு நாள் அடைமழை. எங்களூர்க்காரிக்கு மழையில் என்ன புதுமை என்று ஜன்னலைச் சாத்திவிட்டு இருந்தேன். அண்ணியிடமிருந்து போன்: "கண்மாய் மறுகால் போகுது, வெரசா வாங்க!" போய்ப் பார்த்தால், நான் சேற்றில் புரண்ட அதே கண்மாய் கரை தொட்டு நிற்கிறது. மிகுந்த தண்ணீர் வழிந்தோடக் கட்டிய கலுங்கு வழியாக அது நுரைத்துக்கொண்டு விழுகிறது. வேலை வெட்டியை விட்டுவிட்டு ஊரே அதைப் பார்க்க வந்திருக்கிறது. பெண்கள் தண்ணீரில் பூப்போட்டுக் கும்பிடுகிறார்கள். ஒரு தாத்தா யாரிடமும் பேசாமல் கலுங்குக் கல்லைத் தடவிக்கொண்டே நின்றார். மழையில் பிறந்து வளர்ந்த எனக்கு மழையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான், அண்ணி. இந்த மடலில் ஒரே ஒருவருக்குத்தான் நன்றி என்று சொன்னால் உங்களுக்குத்தான் சொல்வேன். அப்பத்தா கோபித்துக்கொண்டாலும் சரி.

மலைக்குழுவினருக்கும் பெரிய கடன் இருக்கிறது. எங்கள் பக்கம் மலை என்றால் காடு: ஈரம், பாசி, கால்சட்டைக்குள் ஏறும் அட்டை. யானைமலையில் தலைக்கு மேல் ஒரு இலை இல்லை, எல்லாம் மொட்டைப் பாறை. வாங்கிய வெயிலைப் பாறை லேசில் விடாது, பங்குனிக்கு மேல் எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று கணக்கு வாத்தியார் ஐயா சொன்னதை வேதமாக வைத்திருக்கிறேன். கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தருகே செருப்பில் ஏறிய நெருஞ்சியை ஊக்கால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துத் தந்தவரும் அவரே. சமணர் மலைப் பேச்சிப்பள்ளத்தில், 9, 10ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களுக்குக் கீழே இருக்கும் பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்தைத் தொடாமல் விரலை மேலே ஓட்டியபடியே எழுத்துக்கூட்டிக் காட்டினார். ஓய்வுபெற்ற பிறகு தானாகவே கற்றாராம். எனக்கு இன்னும் "அ"கூடப் பிடிபடவில்லை.

அரிட்டாபட்டியில் இருநோக்கியை என் கையில் கொடுத்துவிட்டுத் தாங்கள் வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்து நின்ற கல்லூரித் தம்பிகள் இருவருக்கும் நன்றி. லகர் வல்லூறு பாறை முகட்டிலிருந்து நேராகக் கீழே பாய்ந்ததை உங்களால்தான் பார்த்தேன். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அதன் பிறகும் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் விடாமல் நின்று போராடியதால் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. நான் அந்தப் போராட்டத்தில் ஒரு துரும்பும் எடுத்துப் போட்டவள் அல்ல. ஆனால் அந்த மலையில் நடக்கும்போதெல்லாம் உங்கள் உழைப்பின்மேல்தான் நடக்கிறேன் என்பது தெரியும்.

ஆடிக் காற்றில் என் துணிகள் பறந்து போன வீடுகளுக்கு ஒரு வரி: எல்லாம் மடித்துத் திரும்பி வந்துவிட்டன, ஒரு தலையணை உறை மட்டும் பாக்கி.

மார்கழியில் நீங்கள் எல்லாரும் குல்லாவும் மப்ளருமாகத் தெப்பக்குளத்தைச் சுற்றும்போது நான் மட்டும் சிரித்துக்கொண்டே நடப்பது ஏன் என்று கேட்டீர்கள். இந்த இருபது டிகிரிக்காக நாங்கள் காசு செலவழித்துக் கேமரன் மலைக்குப் போவோம்! பருத்திப்பால் வண்டிக்கார அண்ணே, சுக்கும் கருப்பட்டியும் தூக்கலாக எனக்கென்று தனியாக ஆற்றித் தருவதற்கு நன்றி. பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை ஆயிரக்கணக்கில் ஏறும்போது, "இன்னைக்கு மல்லி கேக்காதத்தா, பிச்சி வச்சுக்க" என்று என் காசைக் காப்பாற்றும் பூக்கார அம்மாவுக்கும்தான். பச்சை மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்புக்கு எதிர்வீட்டு மதினிக்கு. தைப்பூசத்தன்று எங்கள் நாட்டுப் பத்துமலை முருகன் நினைவில் முகம் வாடியிருந்த என்னை, மீனாட்சியின் தெப்பத்தை வடம்பிடித்து இழுக்கும் இடத்துக்கே கூட்டிப்போய் முன்வரிசையில் நிறுத்தியவரும் அதே மதினி.

இந்த மடல் போய்ச் சேராத சிலரும் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில், மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் நின்ற கூட்டத்தில் எனக்குக் கண் இருட்டியது. யாரோ கையைப் பிடித்து நீர்மோர்ப் பந்தலுக்குள் இழுத்தார்கள், யாரோ பனையோலை விசிறியால் விசிறினார்கள், யாரோ தொன்னையில் பானகம் ஊட்டினார்கள். கண் தெளிந்து பார்த்தபோது அவர்கள் அழகரைப் பார்க்க ஓடிவிட்டார்கள். இதைப் படிக்கிற யாராவது அந்தப் பந்தலில் இருந்திருந்தால் தெரிவியுங்கள்.

ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் டுரியான் பழ நேரம். தைப்பிங் ஏரிப் பூங்காவில் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரை நோக்கிச் சாய்ந்து நிற்கும் பாதையில் குழுவாக நடக்கலாம், வெயில் மேலே படாது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், வீட்டில் பத்துப் பேர் தாராளமாகப் படுக்கலாம். மதினிக்கும் வாத்தியார் ஐயாவுக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது. அப்பத்தாவுக்கு எடுக்க வேண்டும், விண்ணப்பத்தை நானே நிரப்புகிறேன். குடை கொண்டு வர வேண்டாம், எங்கள் வீட்டில் ஏகப்பட்டது கிடக்கிறது.

அன்புடன்,
மாடிவீட்டு மலேசியாக்காரி