உள் டயரைத் தட்டிப் பார்

திருவொற்றியூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பேத்தி நடுவில் வந்து பல் விழுந்த கதையை ஆரம்பித்ததும் எனக்கு வண்டியாவது டயராவது என்று ஆகிவிட்டது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. வீட்டு டிரெயிலரை இழுக்க நீ டெக்சாஸில் வாங்கப் போகிற பிக்கப் வண்டிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒற்றை டயரா, ஜோடி டயரா என்று நீ கேட்டதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இழுவை வண்டியிலேயே காலம் தள்ளியவனிடம் மகன் கேட்ட முதல் தொழில் கேள்வி அது. நீ படிக்கும் காலத்தில் வண்டிப் பக்கமே வராதே என்று விரட்டியவனும் நான்தான். சரி, அதெல்லாம் இப்போது எதற்கு. உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா படம் பிடித்து அனுப்புவாள். கையெழுத்து புரியாவிட்டால் அவளைக் கேள்.

அந்த ஷோரூம்காரர் இந்த வண்டி இத்தனை டன் இழுக்கும், அத்தனை டன் இழுக்கும் என்று சொன்னதை முதலில் ஓரமாக வை. இழுப்பது இன்ஜின் பாடு. பின் டயருக்குத் தன் தலையில் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

நீ வாங்க நினைக்கிற வீட்டு டிரெயிலர் ஃபிஃப்த் வீல் வகை என்றாய். அதை மாட்டும் கொக்கி பம்பரில் இல்லை, பிக்கப்பின் சாமான் தொட்டிக்குள்ளே பின் அச்சுக்கு மேலே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெயிலர் எப்படி முன் வண்டியின் முதுகில் ஏறி உட்காருகிறதோ, அதே கதைதான். பம்பர் கொக்கியில் இழுத்தால் டிரெயிலர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டி மேல் இறங்கும். ஃபிஃப்த் வீலில் 15 முதல் 25 வரை இறங்கும். நீ சொன்ன டிரெயிலர் முழு லோடில் 14,000 பவுண்டு, அதாவது 6,350 கிலோ. நடுவாக 20 சதவீதம் என்று வைத்தால் 1,270 கிலோ வண்டி முதுகில். தொட்டியில் பொருத்தும் அந்தக் கொக்கிச் சாமானே 90 கிலோ இருக்கும் என்றாய். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு 240. ஐஸ் பெட்டி, சைக்கிள், கருவிப் பெட்டி என்று 100. கூட்டிப் பார், 1,700 ஆகிறது.

நீ பார்த்த ஒற்றை டயர் வண்டியின் கதவோர ஸ்டிக்கரில், ஆளும் சாமானும் சேர்ந்து வண்டி மேல் ஏறலாம் என்கிற வரம்பு 3,900 பவுண்டு என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். கிலோவில் கிட்டத்தட்ட 1,770. மிச்சம் 70. ஒரு ஆள் எடை! டிரெயிலரின் முன்பக்கத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, முன் அலமாரியில் மருமகள் நாலு மூட்டை சாமான் வைத்தால் அந்த 20 சதவீதம் 22 ஆகிவிடும். அவ்வளவுதான், கணக்கு எகிறிவிட்டது. ஜோடி டயர் வண்டியின் ஸ்டிக்கரில் 5,600 பவுண்டு என்றாய். அதில் 800 கிலோவுக்கு மேல் மிச்சம் நிற்கிறது.

இன்னொன்று கவனித்தாயா? நீ அனுப்பிய படத்தில் ஒற்றை வண்டியின் டயர் பக்கவாட்டில் 125/122 என்று இருக்கிறது. ஜோடி வண்டியின் டயரில் 120/117. முன்னால் இருக்கும் எண் அந்த டயர் தனியாக ஓடினால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு, பின்னால் இருப்பது ஜோடியாக ஓடினால் எவ்வளவு என்பதற்கு. 125 என்றால் 1,650 கிலோ. 117 என்றால் 1,285. இரண்டு ஒற்றை டயர் சேர்ந்து 3,300 கிலோ தாங்கும். சின்ன டயர்தான் என்றாலும் நாலு சேர்ந்தால் 5,140. இதில் அச்சும் கமான் பட்டையும் தாங்குகிற அளவு வேறு இருக்கிறது, அதனால் கடைசியில் கதவோர ஸ்டிக்கர் சொல்வதுதான் பேச்சு. ஜோடியாக ஓடும்போது ஏன் குறைத்துப் போடுகிறார்கள் தெரியுமா? ரோடு எங்கேயும் பலகை மாதிரி சமமாக இருக்காது, நடு உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். இரண்டு டயரும் சுமையைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளாது. நடுவில் காற்றோட்டம் குறைவு, சூடும் அடங்காது. 1946இல் பலூன் செய்ய ஆரம்பித்த ஒரு கொட்டகை பிற்பாடு எம்.ஆர்.எஃப் டயர் கம்பெனி ஆன ஊரில் பிறந்தவன் நீ, இது கூடத் தெரியாமல் இருக்கக் கூடாது.

இனி நான் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. பின்னால் ஒற்றை டயர். அதில் சின்னக் கிரேன் வைத்துக் கட்டி, ரிப்பேரான கார்களைத் தூக்கி இழுப்பேன். காரின் முன்பக்கத்தைக் கொக்கியில் தூக்கினால் அந்தப் பாரம் என் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். தராசு மாதிரி யோசி. பின்னால் தொங்கினால் முன்பக்கம் எழும்பும். தொங்குகிற எடையோடு முன் சக்கரம் விட்ட எடையும் சேர்ந்து பின் டயர் தலையில்தான் இறங்கும். ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அது லேசாக இருப்பது நல்லது என்று நினைத்த முட்டாள் நான்.

ஒரு ராத்திரி எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு ஒரு காரை இழுத்து வந்தேன். எண்ணூர் விரைவுச் சாலை, ஒரு பக்கம் கருங்கல் குவியலும் கடலும், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற லாரிகள். காசிமேடு நெருங்கும்போது வலது பின் டயர் வெடித்தது. ஒற்றை டயர் போனால் அந்த மூலையைத் தாங்க வேறு ஒன்றும் இல்லை, பாரு. வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது, கிரேன் சாய்ந்தது, தொங்கிய கார் ஊஞ்சல் மாதிரி நடு ரோட்டுக்கு வீசியது. முன் சக்கரத்தில் எடையே இல்லை, நான் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்கவில்லை. எதிரே வந்த லாரிக்காரர் பிரேக் அடித்து நிறுத்தினார். அவர் முகம்கூட நினைவில்லை. இறங்கி வந்து கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, அப்புறம் தன் ஜாக்கியை எடுத்துத் தந்தார்.

அம்மாவுக்கு இன்றுவரை அது பஞ்சர் என்றுதான் தெரியும். அக்கா படம் பிடிக்கும்போது இதைப் படித்துவிடுவாள், வீட்டில் பூசை நடக்கும். பரவாயில்லை.

அதன் பிறகுதான் டாடா 407 லாரி வாங்கினேன், பின்னால் ஜோடி. ஒரு டயர் வெடித்தால் பக்கத்தில் இருப்பது அந்த மூலையைத் தாங்கிப் பிடித்து ஓரம் கட்டும் வரைக்குமாவது கொண்டுபோகும். அகலமாகக் கால் விரித்து நிற்பதால் பக்கவாட்டுக் காற்றுக்கும் அசையாது. நீ இருக்கும் டெக்சாஸில் வெட்டவெளி நெடுஞ்சாலையில் பெரிய லாரி தாண்டிப் போகும்போது வீட்டு டிரெயிலர் பாய்மரம் மாதிரி காற்று வாங்கும். அந்த நேரத்தில் நாலு டயர் கொடுக்கிற தைரியம் வேறு.

ஆனால் ஜோடி டயருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உள் டயர் காற்று போனாலும் வெளி டயர் மூடி மறைத்துவிடும். ஒருமுறை மணலிப் பக்கம் போனபோது உள் டயர் எப்போது இறங்கியது என்றே தெரியாமல் பாதி வழி ஓட்டினேன். வெளி டயர் இரண்டு பேர் சுமையைச் சுமந்து, ரப்பர் கருகிய வாடை வந்த பிறகுதான் இறங்கிப் பார்த்தேன். தினமும் காலையில் கம்பியால் ஆறு டயரையும் தட்டுகிற வழக்கம் அன்றைக்கு வந்ததுதான். காற்று நிறைந்த டயர் கம்பியைத் துள்ளித் திருப்பி அடிக்கும். காற்று இறங்கியது தலையணையை அடித்த மாதிரி ‘பொத்’ என்று முழுங்கிவிடும். நீ சின்னப் பையனாக அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருப்பாய், எரிச்சலோடு.

புது வண்டியில் காற்றழுத்தம் திரையிலேயே தெரியும் என்பாய். தெரியட்டும். இரண்டு டயருக்கு நடுவில் சிக்குகிற கல் திரையில் தெரியாது. அது பக்கச் சுவரை அறுத்துக்கொண்டே இருக்கும், குனிந்து பார்த்துக் கம்பியால் தள்ளிவிடு. டயர் மாற்றும்போது புதிதையும் தேய்ந்ததையும் ஜோடி சேர்க்கவே சேர்க்காதே. உயரமாக இருப்பது முழுச் சுமையையும் எடுக்கும், குட்டையானது ரோட்டில் இழுபட்டுத் தேயும். உள் டயர் வால்வுக்குக் கை எட்டுகிறதா என்று ஷோரூமிலேயே பார்த்துவிடு. சக்கரம் கழற்றி மாட்டினால் நூறு மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். அதை மறந்து ஓட்டி சக்கரத்தையே ரோட்டில் விட்டவர்களை நான் இழுத்து வந்திருக்கிறேன்.

மழையையும் சொல்ல வேண்டும். லோடு இல்லாத ஜோடி டயர் வண்டி ஈர ரோட்டில் ஒற்றையைவிட வழுக்கும். அதே எடை நாலு இடமாகப் பிரிந்து, ஒவ்வொரு டயரும் ரோட்டை லேசாகத்தான் அழுத்தும், தண்ணீர் மேலே ஏறி மிதக்கப் பார்க்கும். டிசம்பர் மழையில் வெறும் 407ஐ டி.எச். ரோட்டில் பிரேக் அடித்துப் பின்பக்கம் நடனமாடிய நாள் எனக்கு நிறைய உண்டு.

அப்புறம் அகலம். நம் ஊர் லாரியில் பாடி பின் டயரை மூடி நிற்கும். உங்கள் ஊர் பிக்கப்பில் அப்படி இல்லை. முன்பக்கம் ஒடுங்கி, பின்னால் இடுப்பு பருத்து நிற்கிறது. ஒற்றை வண்டி சுமார் 80 அங்குலம், ஜோடி 96, முழுசாக எட்டு அடி. முன்னால் நுழைந்த இடத்தில் பின்னால் நுழையாது. கார் கழுவும் இடம், பெட்ரோல் பங்க் திண்டு, கடை வாசல் எல்லாம் அந்த இடுப்பில்தான் உரசும். ஆறு டயர் செலவு வேறு. அங்கே டயர் விலையை நீ சொன்னபோது நான் ரூபாயாக மாற்றிப் பார்த்திருக்கக் கூடாது.

லைசென்ஸையும் பார். ஜோடி வண்டிக்குக் கம்பெனி போட்ட மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு, டிரெயிலருக்கு 14,000, சேர்த்தால் 28,000. இரண்டும் சேர்ந்து 26,001ஐத் தொட்டால், டிரெயிலர் வரம்பும் 10,000க்கு மேல் இருந்தால், சொந்த உபயோகத்துக்கே டெக்சாஸில் ஏ வகுப்பு உரிமம் வேண்டும். ஒற்றை வண்டியானாலும் இந்த டிரெயிலரோடு எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்பாய். உரிமம் எடுப்பது பெரிய வேலை இல்லை, எடுத்துவிடு.

என் முடிவைக் கேட்டால், இந்த டிரெயிலர்தான் என்றால் ஜோடி. 70 கிலோ மிச்சத்தை நம்பிப் பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்கார வைக்காதே. ஸ்பிரிங்குக்கு மேலே காற்றுப் பை வைத்தால் போதும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். பை வண்டியை நிமிர்த்திக் காட்டும், டயர் தாங்கும் எடையைக் கூட்டாது.

ஆனால் வருஷத்தில் எத்தனை நாள் அந்த டிரெயிலரை இழுப்பாய்? இரண்டு வாரம் என்றாய். மற்ற நாளெல்லாம் அதே வண்டியில் மருமகள்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறாள். எட்டு அடி இடுப்போடு, மழையில், வெறும் வண்டியில். அவளிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும், நானும் உன் அம்மாவிடம் கேட்டதில்லை. இரண்டு வண்டியையும் அவளை ஓட்டிப் பார்க்கச் சொல். அவளுக்கு ஜோடி ஒத்துவரவில்லை என்றால், ஒற்றையை எடுத்துக்கொண்டு டிரெயிலரைச் சின்னதாக்கு. 10,000 பவுண்டு டிரெயிலர் என்றால் 20 சதவீதம் 907 கிலோதான், ஒற்றை வண்டி கௌரவமாக ஓடும். ஃபோர்டு பிக்கப்பில் 250 என்கிற மாடல் ஒற்றையில் மட்டும்தான் வரும், 350 இரண்டிலும் வரும், அதனால் ஒரே பெயருள்ள வண்டியையே அவள் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்கலாம்.

எதை எடுத்தாலும் டிரெயிலரைச் சாமானோடு மாட்டி ஒருமுறை எடை மேடையில் ஏற்றி, பின் அச்சு எடையைத் தனியாகப் பார்த்து எழுதி அனுப்பு. என் 20 சதவீதம் வெறும் மதிப்பீடு.

அம்மா கருவாடு அனுப்பலாமா என்று கேட்கிறாள். உங்கள் ஊர் கஸ்டம்ஸில் விடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நீயே விசாரித்து அவளிடம் சொல்.

ஜோடி வாங்கினால் முதல் நாள் காலையில் ஒரு கம்பி எடுத்து உள் டயரைத் தட்டு. போனைப் பக்கத்தில் வை. இங்கே ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, நான் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா