லைட்டு போஸ்ட்டு பக்கத்துல உன் காரு

தம்பி,

போன கெழம நீ அனுப்புன போட்டோ கெடச்சிச்சு. காரு தெரு ஓரமா நிக்குது, பக்கத்துல லைட்டு போஸ்ட்டு, போஸ்ட்டுல இருந்து கருப்பு வயரு ஒன்னு காரோட மூக்குக்குப் போவுது. "கவுன்சில் போட்டுக் குடுத்த பிளக்குப்பா, இப்ப இங்கதான் சார்ஜ் பண்றேன்"னு கீழ எழுதியிருந்த. அஞ்சு கெழமைக்குப் பொறகு வந்த ஒரு வரி அது.

அந்தப் போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாத்தேன். முப்பது வருசம் தேயில ஃபேக்டரியில மோட்டருக்கும் வயருக்கும் நடுவுல கெடந்தவன் நான், மொதல்ல கண்ணு பிளக்குக்குத்தான் போச்சு. நல்ல வேல. வயரு நடபாதைக்கு குறுக்க போவல, போஸ்ட்டுக்கும் காருக்கும் எடையில கைய நீட்டுற தூரந்தான். அந்த மாதிரி போஸ்ட்டுல 5 கிலோவாட் அளவுல வரும்னு முன்ன நீ சொன்ன ஞாபகம், வீட்டு சொவத்துல மாட்டுற சார்ஜ் பெட்டியில 7 வருமே அத விட மெதுவுதான், ஆனா உன் நிசான் லீஃப் காருல இருக்கிற 40 கிலோவாட் அவர் பேட்டரிக்கு ராத்திரி போட்டா விடியக்குள்ள நெறஞ்சிரும்னு கணக்கு போட்டு பாத்தேன். சரியா?

டவுன்ல த்ரீவீலர் ஸ்டாண்டுல எல்லாருக்கும் சொன்னேன். பிரிட்டன்ல எம்மவன் இருக்கிற ஊர்ல தெருவெளக்குலயே கவுன்சில் பிளக்கு வச்சு குடுக்குது, வீட்டுல காரு நிறுத்த எடம் இல்லாதவனும் கரண்டு காரு வச்சிக்கலாம்னு. ஒருத்தன் நம்பல. இன்னொருத்தன் லீஃப் வச்சிருக்கான், நுவரெலியாவுக்கு ஹயர் போறவன், அவன் சொல்றான் ஹட்டன்ல இருந்து கினிகத்தேனைக்கு எறங்குனா பேட்டரி கொறையாம கூடத்தான் செய்யுது, திரும்ப ஏறும்போது எல்லாம் தின்னுருதுன்னு. எறக்கத்துல மோட்டரே ஜெனரேட்டரா சுத்தும்னு நான் அவனுக்கு விளங்கப்படுத்துனேன், நீ எனக்கு சொன்னதுதான்.

நம்ம தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால நிக்கிற போஸ்ட்டுல பல்பு போயி மூனு மாசம். ரெண்டு தடவ மெம்பர்கிட்ட சொல்லியாச்சு. கொற சொல்றதுக்காக எழுதல, உனக்கே தெரியும், நம்ம ஊரு கவுன்சிலான பிரதேச சபைக்கு சட்டம் 1987ல வந்துச்சு, அந்த சபைக் காச தோட்டத்து ரோட்டுக்கும் லயத்துக்கும் செலவழிக்க தடையில்லன்னு ஆக்குறதுக்கு 2018ல திருத்தம் வரணுமா இருந்துச்சு, அது வரைக்கும் ஓட்டு மட்டும் நம்மளது. காசல்ரீ, மவுசாகலை டேம் தண்ணிதான் லக்சபானையில கரண்டா போயி கொழும்பு எரிஞ்சிச்சு, மவுசாகலைக்காக பழைய மஸ்கெலியாவயே முழுகடிச்சாங்க, தண்ணி வத்துனா இப்பவும் பழைய கோயில் தெரியுது. அந்தத் தண்ணிக்கு மேல மலையில இருந்த லயத்துல குப்பி லாம்பு. அதனாலதான் உன் தெருவுல கவுன்சில் வச்ச பிளக்க பாக்கையில எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுய்யா.

சரி. பழைய பெட்டி என்னாச்சு தம்பி?

2022ல நீ காரு வாங்குன கையோட, வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு அரசாங்கம் 350 பவுண்டு வரைக்கும் குடுக்குதாம், வீட்டுக்காரர் கையெழுத்து வச்சிட்டாருன்னு சந்தோசமா போன் பண்ணுன. குசினி ஜன்னலுக்குக் கீழ வெள்ளப் பெட்டி. பாப்பா அதுல பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டுனா, மருமக அது கீழ கருவேப்பில தொட்டி வச்சிருந்தா, குளிருல செத்துரும்னு ராத்திரியில உள்ள தூக்கி வைப்பாளே. வீட்டுக் கரண்டுக்கு 5 வீதம் வரி, தெருவுல போட்டா 20 வீதம், ராத்திரி யூனிட்டு வீட்டுலதான் மலிவுன்னு எனக்கு பாடமா சொன்னவனே நீதான். அப்படிப்பட்டவன் அந்த வெள்ளப் பெட்டிய விட்டுட்டு ஏன் தெருவுல நிக்கிறான்னு யோசிச்சேன். நான் பெட்டிய பத்தித்தான் கேக்குறேன். பழுதா போயிருந்தா சொல்லு.

இன்னொன்னு. போஸ்ட்டுல வேற யாராச்சும் நிப்பாட்டிட்டாங்கன்னு வச்சிக்க, அவசரத்துக்கு ஜன்னல் வழியா எக்ஸ்டென்சன் வயர இழுத்து நடபாதைக்கு மேல போட்டுறாத. கவுன்சில் அனுமதி இல்லாம அப்படி போடக்கூடாதுன்னு நீயேதான் சொல்லியிருக்க, வயசானவங்க தடுக்கி விழுந்தா பாவம். நடபாதையில சின்ன காவா மாதிரி வெட்டி வயர அதுக்குள்ள வைக்க சில கவுன்சில் விடுதாமே, அதுக்கு வேணும்னா எழுதிப் போடு. ஆனா சாதா பிளக்குல போடாத. போட்டாலும் வயர சுருட்டி வச்சு போடாத. சுருட்டுன வயருக்கு சூடு வெளிய போக வழி கெடையாது. ஃபேக்டரியில கொழுந்து வாட்டுற எடத்துல ஃபேன் ஒன்னுக்கு ரீல் வயர பிரிக்காம அப்படியே மாட்டிட்டு டீ குடிக்க போனானுங்க, நான் போயி பாக்கையில உள்சுத்து எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டி வெல்லப்பாகு மாதிரி வழியுது, மேல்சுத்து தொட்டா சில்லுன்னு இருக்கு. வெளியில பாத்தா ஒன்னும் தெரியாதுய்யா.

டித்வா புயலுக்கு நவம்பர்ல மண்ணு சரிஞ்சு, கரண்டு இல்ல, ரோடு இல்ல, அப்ப நீ ஒரு நாளைக்கு இருவது தடவ எடுத்த. பக்கத்து வீட்டுப் பையன் த்ரீவீலர் பேட்டரியில என் போனுக்கு சார்ஜ் போட்டுக் குடுத்தான், லைன் கெடச்ச ஒடன உன் குரல்தான், மருமக பக்கத்துல நின்னு அழுவுறது எனக்கு கேட்டுச்சு. எங்களுக்கு ஒன்னுன்னா அப்படி துடிக்கிற புள்ள. உனக்கு ஒன்னுன்னா மட்டும் எங்களுக்கு தெரியக்கூடாதா? பொங்கலுக்கு பாப்பாவ காட்டலியே. தூங்குறான்னு சொன்ன. அங்க அப்ப பகல் ரெண்டு மணி.

நான் திட்டல தம்பி. எனக்கு திட்ட வாய் கெடையாது, அது ஏன்னு உனக்கும் தெரியும், ஆனா என் வாயால நான் ஒரு நாளும் சொன்னதில்ல.

லயத்துக்கு கரண்டு வந்த வருசம் வயரிங்குக்கு ஒவ்வொரு வீடும் காசு கட்டணும். நம்ம காசு உங்கம்மா கைக்காசு கொழுந்து எடுத்து சேத்தது, ஞாயித்துக்கெழமயும் மழையிலயும் போயி. பவுடர் டின்னுல இருந்துச்சு. அத எடுத்துக்கிட்டு நான் கட்டப் போறேன்னு போனேன், சாராயத் தவறணையில ஒக்காந்தேன். ஒரே நாள்ல போவல, மூனு நாள்ல போச்சு. லயத்துல பத்து வீடு, நம்மளத தவிர மத்த வீட்டுக்கெல்லாம் நானே என் கையால வயரிங் பண்ணுனேன், சுவிட்ச் போட்ட அன்னைக்கு ஒம்போது வீடு வெளிச்சம், நம்ம காம்பரா மட்டும் இருட்டு. உனக்கு ஓ.எல். பரீட்சை வருசம். பக்கத்து வீட்டு அக்கா மனசு எரங்கி சொவரு மேல உள்ள இடுக்கு வழியா ஒரு பல்புக்கு வயரு விட்டாங்க, துண்டு துண்டா ஒட்டுன வயரு, ஒரு மழ நாளு ராத்திரி அது உன் பொஸ்தகத்துக்கு மேல பொகைய ஆரம்பிச்சு நீதான் சாக்க போட்டு இழுத்துவிட்ட. நான் வீட்டுல இல்ல. விடிஞ்ச ஒடன உங்கம்மா உன்ன கூட்டிக்கிட்டு மஸ்கெலியா போயிட்டா.

ஒரு மணித்தியாலம் பஸ்ஸு. நான் போறதுக்கு நாலு மாசமாச்சு.

கோவத்துல இல்லய்யா, வெக்கத்துல. வயரிங்க முடிச்சிட்டு போவோம், கடன கட்டிட்டு போவோம், குடிய விட்டுட்டு போவோம்னு ஒவ்வொரு சம்பளத்துக்கும் தள்ளிப் போட்டேன். யாராச்சும் கேட்டா, புள்ள பரீட்சைக்கு படிக்க அமைதியா இருக்கட்டும்னு அனுப்பி வச்சிருக்கேன்னு சொன்னேன். கடைசியா வெறுங்கையோட போயி வாசல்ல நின்னேன், உங்கம்மா ஒன்னும் கேக்கல, சாப்பிட்டியான்னு கேட்டா. அத மொத வாரமே கேட்டிருப்பா. நான்தான் போவல. அந்த நாலு மாசத்துல நீ என்கூட பேசுறத கொறச்சிக்கிட்ட, அது இன்னும் முழுசா திரும்பி வரல, அதுக்கு நான்தான் காரணம், உன் மேல தப்பு இல்ல.

புது எடத்துல ஹீட்டர் இருக்கா? ராத்திரியில என்ன சாப்பிடுற? மருமகளுக்கு நான் தனியா மெசேஜ் போடலாமா வேணாமான்னு தெரியல, அவ எனக்கு மகதான், நீ வேணாம்னா போட மாட்டேன். பாப்பா பள்ளிக்கூடம் அந்தப் போஸ்ட்டுல இருந்து எவ்வளவு தூரம், நடந்து போற தூரமா, காருல போற தூரமா?

ராத்திரியில காரு சார்ஜ் ஆகுறப்ப நீ முழிச்சிருப்பன்னு நெனைக்கிறேன். அங்க பதினொன்னு அடிச்சா இங்க விடியக்காலம் நாலர, நான் எழும்பிருவேன், அம்மா அப்ப தூக்கத்துல இருப்பா. அந்த நேரத்துக்கு எடு. பேசலன்னாலும் பரவாயில்ல, எடுத்து வச்சிரு.

போட்டோவ அம்மாவுக்கு நான் இன்னும் காட்டல. அவளுக்கு வயரு பிளக்கு ஒன்னும் வெளங்காது, ஆனா கருவேப்பில தொட்டி எங்கன்னு கேப்பா.

அப்பா