ஆங்கில இலக்கணத்தைத் தமிழை வைத்துச் சொல்லிக்கொடுங்கள்

பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலத்தையும் தொடர் நிகழ்காலத்தையும் நடத்தும்போது, பிள்ளைகளின் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என்னிடம் மாலையில் படிக்க வரும் ஏழாம் வகுப்பு மாணவி தன் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தாள்: ‘மை ஃபாதர் இஸ் ஹேவிங் எ ஷாப். ஹி வில் ஓபன் இட் அட் சிக்ஸ் எவ்ரி டே.’ இரண்டு வினைகளின் மேலும் சிவப்புக் கோடு, காரணம் எழுதப்படவில்லை. அவள் மனத்தில் ஓடிய தமிழைக் கேளுங்கள்: ‘அப்பா கடை வைத்திருக்கிறார். தினமும் ஆறு மணிக்குத் திறப்பார்.’ பிசிறில்லாத தமிழ். ‘இருக்கிறார்’ என்றதும் ‘இஸ்’ வந்துவிட்டது, ‘திறப்பார்’ என்றதும் ‘வில்’. அன்றாட வழக்கத்தை நாம் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். ஆங்கிலம் அதைச் சாதாரண நிகழ்காலத்தில் ‘ஓபன்ஸ்’ என்கிறது. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

‘ஐ ஆம் நோயிங்’ என்ற பிழைக்கும் மருந்து தமிழிலேயே இருக்கிறது. ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? தெரியும், பிடிக்கும், வேண்டும் என்றுதான் சொல்லும். நோ, லைக், வான்ட் ஆகியவற்றோடு பொதுவாக ‘இங்’ சேராததும் இப்படித்தான். முக்காலத்துக்கும் பொதுவானதை ‘செய்யும்’ என்ற வடிவில் சொல்லத் தொல்காப்பிய வினையியல் வழிகாட்டுகிறது. உரைகாரர்கள் ‘மலை நிற்கும்’, ‘தீச் சுடும்’ என்று எடுத்துக்காட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அங்கே ‘ஃபயர் பர்ன்ஸ்’ என்ற சாதாரண நிகழ்காலம்.

எல்லா இடத்திலும் இந்த ஒப்பீடு கைகொடுக்காது. ‘உட்கார்ந்திருக்கிறாள்’ என்பது ‘ஷி இஸ் சிட்டிங்’. ‘கடை வைத்திருக்கிறார்’ என்பதோ ‘ஹி ஹேஸ் எ ஷாப்’. அதே ஹேவ் சாப்பிடுவதைக் குறித்தால் ‘ஹி இஸ் ஹேவிங் லன்ச்’ என்பது சரி. ‘வருகிறான்’ இன்னும் சிக்கலானது. ‘தினமும் பஸ்ஸில் வருகிறான்’ என்றால் ‘கம்ஸ்’. ‘அதோ வருகிறான்’ என்றால் ‘இஸ் கமிங்’. முன்பே முடிவானது என்றால் ‘நாளை வருகிறான்’ என்பதற்கும் ‘இஸ் கமிங்’தான். பாட நேரத்தை இந்த இடங்களில் தாராளமாகச் செலவிடுங்கள். வாய்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளைகளும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்ற அச்சத்தில், ஆங்கில வகுப்பில் தமிழுக்குத் தடை போடும் பள்ளிகள் உண்டு. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைக்கு அந்தத் தடை பெரிய அநீதி. ஓரிரு வகுப்புகளுக்காவது அதைத் தளர்த்துங்கள். வீட்டில் நடப்பதைப் பிள்ளைகளே தமிழில் சொல்லட்டும். நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள். அது வழக்கமா, இப்போது நடப்பதா, நிலையா, நாளைய திட்டமா என்று அவர்களே பிரிக்கட்டும். அதன்பின் ஆங்கில வாக்கியத்துக்குப் போங்கள்.

அன்புடன்,
ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி