டோலி தூக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கோவைக்குப் பக்கத்தில் ஏழு மலை ஏறிச் சாமி கும்பிடும் வெள்ளியங்கிரியில் அன்று ராத்திரி எனக்கு என்ன ஆனது என்று உங்களில் பலருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் படம்கூடச் சுற்றியதாம். அதனால் அந்தக் கதை வேண்டாம். முறிந்த கணுக்காலில் பிளேட் வைத்து இன்று நாலாவது நாள். படுத்தபடியே செல்போனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் எடை 84 கிலோ. நாலாவது மலையிலிருந்து பூண்டி அடிவாரம் வரை அதைச் சுமந்தது ஆறு பேர். டோலி என்றால் இரண்டு மூங்கில், நடுவில் ஒரு கம்பளி. நாலு பேர் தூக்க, இரண்டு பேர் டார்ச் அடித்தபடி முன்னால் போவார்கள், அப்புறம் தோள் மாற்றிக்கொள்வார்கள். ஆளுக்கு 21 கிலோ, ஒரு அரிசிச் சிப்பம்கூட வராது என்று படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். இறக்கத்தில் அந்தக் கணக்கு செல்லாது. பாரமெல்லாம் கால்மாட்டில் இருப்பவர் மேல்தான் சரியும். டோலி சாயாமல் இருக்க அவர்கள் மூங்கிலைத் தோளில் ஏற்றிப் பிடிக்க வேண்டும். தலைமாட்டில் இருப்பவர்கள் குனிந்து, கையைத் தொங்கவிட்டபடி படி இறங்க வேண்டும். நாலு பேரும் ஒரே காலை எடுத்து வைத்தால் டோலி தொட்டில்போல ஆடுமாம். அதற்காகக் காலை மாற்றி மாற்றி வைத்தே நடந்தார்கள்.

கால்மாட்டில் வலப்பக்கம் ஒரு அண்ணன். ஒல்லியான ஆள். மூங்கிலுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு துண்டைச் சும்மாடு மாதிரி மடித்து வைத்திருந்தார். வழுக்குப் பாறையில் ஒவ்வொரு அடிக்கும் என் கால் மூங்கிலில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வலிக்குதுங்களா சாமி?"

"இல்லீங்க."

அவர் நம்பவில்லை. வெள்ளை விநாயகர் கோயிலுக்குச் சற்று மேலே டோலியை இறக்கச் சொல்லி, தோளில் இருந்த துண்டை உருவி என் கணுக்காலுக்கு அண்டை கொடுத்துக் கட்டினார். "அப்போ உங்க தோளுக்கு?" என்றேன். "எனக்கு எப்பவோ மரத்துப் போச்சுங்க" என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் முதல் மலை. அந்தக் கற்படிகள் எப்படி இருக்கும் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். அத்தனையும் வெறும் தோளில் மூங்கில். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் வெளிச்சத்தில்தான் பார்த்தேன்: தோல் உரிந்து பனியனில் ரத்தம் ஒட்டியிருந்தது. அவரோ என் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூலிதான் கொடுத்தாயிற்றே என்று ஒருவர் கேட்டார். டோலிக்குக் கூலி பேசினோம், சரி. துண்டுக்கு யாரும் பேசவில்லையே.

மற்ற ஐந்து பேருக்கும், எங்களைக் கண்டதும் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்ட முகம் தெரியாத சாமிகளுக்கும், என் பையையும் சேர்த்துச் சுமந்த நண்பர்களுக்கும், அடிவாரத்தில் வெந்நீர் தந்த கடைக்கார அக்காவுக்கும், வனத்துறை ஊழியர்களுக்கும், 108 தம்பிகளுக்கும் என் வணக்கம்.

எடையைக் குறைப்பதாக வீட்டில் சத்தியம் செய்திருக்கிறேன். பரோட்டாவுக்கு ஏற்கெனவே தடை.

அந்தத் துண்டு என் காலோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. நீலக் கட்டம் போட்டது, ஒரு ஓரம் பிரிந்திருக்கும். துவைத்து வைத்திருக்கிறோம். அவர் பெயரைக் கேட்காமல் விட்டது என் தப்பு. பிப்ரவரியில் மலை திறக்கும்போது பூண்டிக்கு வருவேன், ஏறுவதற்கு அல்ல. அதற்குள் அவரைப் பார்ப்பவர்கள், துண்டு பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.