ஃபயர்வாலுக்குக் காசு கொடுக்கும் முன்

அன்புள்ள நண்பா,

மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். புது லேப்டாப்புக்குத் தனியாக ஃபயர்வால், அதாவது நெட்வொர்க்கில் வந்துபோகும் இணைப்புகளைக் காவல் காக்கும் மென்பொருள், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். விண்டோஸ் 11-உடன் வருவதே உனக்குப் போதும்.

2003-இல் நெட்வொர்க் வழியாகத் தானே பரவும் பிளாஸ்டர் என்ற வைரஸ் (புழு) பரவியபோது விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் தானாக ஆன் ஆகாது. அடுத்த வருடம் சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் வந்த பிறகுதான் அது எல்லோருக்கும் ஆன் ஆனது. தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம்.

இன்று விண்டோஸ் வெளியிலிருந்து கேளாமல் வரும் இணைப்புகளைத் தடுக்கிறது; உள்ளிருந்து போவதை எல்லாம் விடுகிறது. விலைக்கு வருபவை வெளியே போகும் புரோகிராம்களைப் பற்றியும் ஒவ்வொன்றாக உன்னிடம் கேட்கும். கேட்பது நல்லதுதான், பதில் சொல்வதுதான் கஷ்டம். 'எஸ்விசிஹோஸ்ட் இணையத்துக்குப் போகலாமா' என்று வந்தால் என்ன சொல்வாய்? அது விண்டோஸின் பல உள்வேலைகளை ஓட்டும் புரோகிராம். வேண்டாம் என்றால் விண்டோஸ் அப்டேட் நின்றுபோகும். இரண்டு நாள் கழித்து எல்லாவற்றுக்கும் 'சரி' என்று அழுத்தத் தொடங்கினால் அந்தக் காவலுக்கு அர்த்தமே இல்லை. கம்ப்யூட்டரில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமையோடு ஓடும் வைரஸ் எந்த ஃபயர்வாலிலும் தனக்கு வழி திறந்துகொள்ளும் என்பதையும் மறக்காதே. வெளியே போவதைக் கவனிக்க ஆசைப்பட்டால், மால்வேர்பைட்ஸ் தரும் விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல் இலவசம். விண்டோஸ் ஃபயர்வாலையே வைத்து வேலை செய்கிறது.

பிரின்டர் ஷேரிங் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்காக ஃபயர்வாலை ஆஃப் செய்துவிடாதே. செட்டிங்ஸில் உன் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திற. அனேகமாக 'பப்ளிக்' என்றிருக்கும். வீட்டு வைஃபைக்கு மட்டும் 'பிரைவேட்' ஆக்கு. ரயில்வே ஸ்டேஷன், ஹோட்டலில் பப்ளிக்கே இருக்கட்டும்.

அப்படியும் சரியாகவில்லையென்றால் இதைப் பார். ஒரு புரோகிராம் முதல்முறை இணைப்புக்குக் காத்திருக்கும்போது ஒரு ஜன்னல் வரும். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தினால் அந்தப் புரோகிராமைத் தடுக்கும் விதிகளை, டிசிபி, யூடிபி என்ற இரண்டு வகை இணைப்புக்கும் ஒவ்வொன்றாக, விண்டோஸ் எழுதிவிடும். பிறகு நீயே அனுமதி விதி சேர்த்தாலும் பலிக்காது. தடை விதிதான் ஜெயிக்கும். விண்டோஸ் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி ஜன்னலில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' (உள்ளே வரும் இணைப்புகளுக்கான விதிகள்) பட்டியலைத் திறந்து, சிவப்புக் குறியோடு அந்தப் பெயரில் இருப்பவற்றை அழி.

கடைசியாக ஒன்று. லேப்டாப்போடு வந்த டிரையல் ஆன்டிவைரஸை எடுக்கும்போது அதன் நிறுவனம் தரும் நீக்கும் கருவியையே பயன்படுத்து. நெட் போக்குவரத்தைச் சோதிக்க அது போட்ட ஃபில்டர் டிரைவர் நெட்வொர்க் கார்டில் ஒட்டிக்கொண்டால் வைஃபை இணைந்தும் நெட் வராது. அப்போது செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்'. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், முதலில் எழுதி வைத்துக்கொள். ரீஸ்டார்ட் ஆன பிறகு டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று புரொஃபைலிலும் விண்டோஸ் ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்.

பிரின்டர் இன்னும் மக்கர் செய்தால் அதன் மாடலை எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்